முன் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல் குறைக்கலாமா? வால்பாறை மலைக்கும் கோவை ரோட்டுக்கும் ஒரே வண்டி

ஆழியாறு வாசி:
வணக்கம். என் வண்டி 100 சிசி, நாலு கியர். முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) 14 பல், பின்னால் 42. செயின் செட் (செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும்) தேய்ந்துவிட்டது, எப்படியும் மாற்றியாக வேண்டும். வார நாளில் பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு நாலுவழிச் சாலையில் வேலைக்குப் போகிறேன். வாரக் கடைசியில் மனைவியையும் ஒரு அரிசி மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வால்பாறையில் மாமியார் வீட்டுக்கு. ஆழியாறு தாண்டி வளைவுகள் தொடங்கியதும் இரண்டாவது கியரில் வண்டி திணறுகிறது, முதல் கியருக்கு மாற்றினால் இன்ஜின் அலறுகிறது. 13 போடு, இழுவை வரும் என்கிறார் ஒருவர். 15 போடு, கோவை ரோட்டில் மைலேஜ் வரும் என்கிறார் இன்னொருவர். உங்கள் கருத்து என்ன?

பட்டறைக்காரன்:
13 போடுங்கள் தம்பி. மலையடிவாரத்தில் பட்டறை வைத்திருப்பதால் சொல்கிறேன். லோடோடு மலை ஏறும் வண்டிகள் எங்களிடம் வருவது பெரும்பாலும் கிளட்ச் பிளேட் கருகித்தான். வளைவுக்கு வளைவு ஹாஃப் கிளட்ச் (கிளட்சைப் பாதி மட்டும் விட்டு) பிடித்து இரண்டாவது கியரைத் தூக்கி நிறுத்தப் பார்ப்பார்கள். ஒரு பல் குறைத்தால் அந்த வேலையில் பாதி குறையும். முன் ஸ்ப்ராக்கெட் விலையும் கம்மி. இடதுபக்கக் கவரைக் கழற்றினால் பூட்டுத் தகடும் இரண்டு சின்ன போல்ட்டும்தான். பிடிக்கவில்லையென்றால் மறுபடியும் 14ஐப் போட்டுக்கொள்ளலாம்.

பல்லடம் ரைடர்:
எனக்கு உடன்பாடு இல்லை. இவர் வாரத்தில் அதிக நாள் ஓட்டுவது சமவெளியில். ஒருநாள் மலைக்காக மற்ற நாளெல்லாம் இன்ஜினை ஏன் விரட்ட வேண்டும்? கணக்கைப் பாருங்கள். இப்போது 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 13இல் அதே வேகத்துக்கு 6460 சுற்று ஆகும். அதிர்வு கூடும், பெட்ரோல் கூடும், கைப்பிடியில் கை மரத்துப்போகும். 15 போட்டால் அதே 60க்கு 5600 போதும். மலையில் முதல் கியர் எதற்கு இருக்கிறது? இறக்கி ஓட்ட வேண்டியதுதான்.

உடுமலைக் காற்று:
பல்லடம் அண்ணா, 15 என்று காகிதத்தில் எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் ஊர்க் காற்றை மறந்துவிட்டீர்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நம்பித்தான் இந்தப் பக்கம் இத்தனை காற்றாலை நிற்கிறது. அந்தக் காற்றுக்கு எதிரே 100 சிசி வண்டி டாப் கியரில் 60ஐப் பிடித்து நிற்பதே பெரிய பாடு. 15 போட்டால் டாப் கியர் தாங்காது, மூன்றாவதுக்கு இறக்குவீர்கள். மூன்றாவதில் சுற்று இன்னும் ஏறும். மிச்சம் பிடிக்க நினைத்த பெட்ரோல் அங்கேயே போய்விடும்.

வேகம் இரட்டிப்பானால் காற்றின் தடை நாலு மடங்காகும், அதைத் தள்ளத் தேவையான சக்தி எட்டு மடங்காகும். நம்மிடம் இருப்பதோ எட்டு குதிரைத் திறன் சொச்சம். ஸ்ப்ராக்கெட் அதைக் கூட்டிக் கொடுக்காது. 15இல் டாப் ஸ்பீடு ஏறுவதற்குப் பதில் குறைந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

கணக்குப்பிள்ளை:
இரண்டு பக்கத்துக்கும் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். ஸ்ப்ராக்கெட்டை மாற்றினால் நாலு கியரும் ஒரே விகிதத்தில் நகரும். கியர்களுக்கு நடுவே உள்ள இடைவெளி அப்படியேதான் இருக்கும். ஆழியாறு வாசியின் உண்மையான தொல்லை அந்த இடைவெளி. பல 100 சிசி வண்டிகளின் நாலு கியர் பெட்டியில் முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே கிட்டத்தட்ட 1.8 மடங்கு வித்தியாசம் உண்டு. அதனால்தான் ஒன்றில் அலறல், இன்னொன்றில் திணறல். ஒரு பல் குறைத்தால் கிடைப்பது 7.7 சதவீதம் மட்டுமே. அந்தப் பள்ளத்தை அது நிரப்பாது.

நிரப்பாது என்பதால் பயன் இல்லை என்றும் ஆகாது. இரண்டாவது கியர் "இழுக்கவே இழுக்காது" என்ற நிலையில் இருக்கிறதா, "கொஞ்சம் போதவில்லை" என்ற நிலையில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. வளைவுக்குள் வேகம் 20க்குக் கீழே விழுந்தால் எந்த ஸ்ப்ராக்கெட்டும் இரண்டாவதைக் காப்பாற்றாது. வளைவு முடிந்து நேர் ஏற்றத்தில் 25, 28 வேகத்தில் திணறுகிறது என்றால் 7.7 சதவீதம் நன்றாகவே தெரியும்.

என் யோசனை வேறு. முன்னால் 14ஐ விட்டுவிட்டு, பின்னால் 44 போடுங்கள். பின் பல்லை முன் பல்லால் வகுத்தால் வரும் விகிதம் 3.00இலிருந்து 3.14 ஆகும், 4.8 சதவீதம். மலைக்கும் உதவும், கோவை ரோட்டிலும் பெரிதாக உறுத்தாது. சின்ன ஸ்ப்ராக்கெட்டில் செயின் அதிகமாக மடங்கி ஓடும், இன்ஜினின் அதே இழுப்புக்குச் செயினில் விழும் விசையும் கூடும். செயின் சீக்கிரம் தேய அதுவும் காரணம்.

பட்டறைக்காரன்:
கணக்குப்பிள்ளை சார் சொல்வது சரி, ஆனால் பின் சக்கரத்தைக் கழற்றி வேலை செய்கிறவன் பார்ப்பது இன்னொன்று. பின்னால் இரண்டு பல் கூட்டினால் ஆக்சில் (பின் சக்கரத்தின் அச்சு) சுமார் 6 மில்லிமீட்டர் முன்னால் வர வேண்டும். மூன்று பல் என்றால் 9, 10. பழைய செயின் நீண்டு ஆக்சில் பின்னால் போயிருக்கும்போது அது ஒத்துக்கொள்ளும். இவர் புதுச் செயின் போடப் போகிறார். புதுச் செயினில் ஆக்சில் ஏற்கெனவே முன்பக்கம்தான் இருக்கும், இடம் போதாமல் போகலாம். அப்புறம் இரண்டு கண்ணி நீளமான செயினைத் தேடி அலைய வேண்டும். முன்னால் ஒரு பல் குறைத்தால் ஆக்சில் 3 மில்லிமீட்டர் பின்னால் போகும், அவ்வளவுதான்.

தேய்மானம் பற்றி: 13க்கும் 14க்கும் இருக்கும் வித்தியாசத்தைவிட, செயினைக் கழுவாமல், எண்ணெய் விடாமல் ஓட்டுகிறவர்கள் செய்யும் சேதம்தான் பெரிது. மலையில் மழையில் போய்விட்டு வந்தால் அன்றைக்கே துடைத்து எண்ணெய் விட வேண்டும்.

பல்லடம் ரைடர்:
சரி, 15ஐ விட்டுவிடலாம், ஆடிக் காற்றில் அது ஒத்துவராது. அப்படியானால் 14இலேயே இருக்கட்டும். கம்பெனிக்காரர்கள் யோசிக்காமலா அந்த எண்ணிக்கையை வைத்தார்கள்? மைலேஜ், சத்தம், புகை, டாப் ஸ்பீடு எல்லாவற்றையும் பார்த்துத்தான் வைக்கிறார்கள். இன்னொன்று, இந்த வண்டி முதலில் ஒழுங்காக இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே? ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், வால்வு கிளியரன்ஸ் (இன்ஜின் வால்வுக்கு விட வேண்டிய சிறு இடைவெளி) போயிருக்கலாம், பின் பிரேக் உரசலாம், டயரில் காற்று குறைவாக இருக்கலாம். இதில் ஒன்று கெட்டிருந்தாலும் மலையில் திணறத்தான் செய்யும். அதை விட்டுவிட்டுப் பல்லை மாற்றினால் நோய் அப்படியே உள்ளே இருக்கும்.

உடுமலைக் காற்று:
முதலில் வண்டியைச் சரிபார்க்க வேண்டும், அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் கம்பெனி வைத்த எண்ணிக்கை நாடு முழுவதும் ஓடும் வண்டிக்கு. இரண்டு பேரும் மூட்டையும் ஏறி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறுகிற வண்டி என்று யாரும் தனியாக நினைத்து வைத்ததல்ல. போதாததற்கு, வால்பாறை 3500 அடி உயரம். மேலே போகப் போக காற்றின் அடர்த்தி குறைந்து, இன்ஜினுக்குக் கிடைக்கும் சக்தியில் பத்தில் ஒரு பங்கு போய்விடும். வண்டி எவ்வளவு நன்றாக இருந்தாலும் இது போகத்தான் செய்யும்.

ஏறுவதைப் பற்றியே பேசுகிறோம், இறங்குவதை யாரும் சொல்லவில்லை. என்னைக் கேட்டால் 13க்கு முதல் காரணம் இறக்கம்தான். "ஏறின கியரிலேயே இறங்கு" என்று மலை டிரைவர்கள் சொல்வார்கள். இரண்டு பக்கமும் டிரம் பிரேக், பின்னால் மனைவி, அட்டகட்டியிலிருந்து ஆழியாறு வரை விடாத இறக்கம். 14இல் இரண்டாவது கியரில் இறங்கினால் வண்டி மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும், கை தானாகப் பிரேக்குக்குப் போகும். டிரம் சூடேறினால் பிடிப்பு குறையும். 13இல் அதே வேகத்தில் இன்ஜின் இன்னும் அழுத்திப் பிடிக்கும், பிரேக்கைத் தொட்டுத் தொட்டு விட்டால் போதும். மைலேஜில் கொஞ்சம் போனாலும் எனக்கு இது பெரிது.

கணக்குப்பிள்ளை:
இறக்கத்தைப் பற்றிச் சொன்னது முக்கியமான விஷயம். நானும் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் 44இல் அதன் பெரும்பகுதி கிடைக்கும் என்பதால் என் ஓட்டு இன்னும் 44க்குத்தான், செயின் நீளம் ஒத்துவந்தால்.

13 என்று முடிவு செய்தால் ஒரு நன்மையும் உண்டு. 14க்கு 42 என்றால் சரியாக மூன்று மடங்கு. செயின் கண்ணிகளோ இரட்டைப்படை. 13 ஒற்றைப்படை என்பதால் ஒரே கண்ணி ஒரே பல்லில் திரும்பத் திரும்ப உட்காராமல் மாறி மாறி உட்காரும், தேய்மானம் சமமாகப் பரவும். சின்ன லாபம்தான்.

ஸ்பீடோமீட்டர் கேபிள் முன் சக்கரத்திலிருந்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் எந்த மாற்றமும் இல்லை. சில புது வண்டிகளில் கியர்பாக்ஸ் பக்கத்தில் சென்சார் இருக்கும். அதில் 13 போட்டால் மீட்டர் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், ஓடிய கிலோமீட்டரும் அப்படியே. மைலேஜைக் கணக்கிடும்போது ஏமாந்துவிடாதீர்கள்.

பல்லடம் ரைடர்:
13 போட்ட பிறகு கோவை ரோட்டில் பழையபடி 70, 75 என்று விரட்டினால் நான் சொன்ன எல்லாத் தொல்லையும் வரும். 55, 60க்குள் ஓட்டப் பொறுமை இருந்தால் மட்டும் போடுங்கள். தாமதமாகிறது என்று தினமும் முறுக்குகிறவர் என்றால் 14ஐத் தொடாதீர்கள், மலையில் முதல் கியரில் ஏறுங்கள். முதல் கியரில் அலறுவதால் இன்ஜின் கெட்டுவிடாது, எண்ணெய் சரியாக இருந்தால் போதும்.

ஆழியாறு வாசி:
எல்லோருக்கும் நன்றி. ஏர் ஃபில்டரையும் வால்வையும் இந்த வாரமே பார்க்கச் சொல்கிறேன். நான் 60க்கு மேல் போவது அபூர்வம். திணறுவது வளைவுக்குள் அல்ல, ஒன்பதாவது வளைவு லோம்ஸ் வியூ பாயின்ட் தாண்டி நேர் ஏற்றங்களில்தான் அதிகம். இறக்கத்தில் பின் பிரேக் சூடேறி வாடை அடித்ததும் உண்டு. அதனால் 42 செட்டோடு 13 வாங்கிப் போடுகிறேன். செட்டோடு வரும் 14ஐ எடுத்து வைத்துக்கொள்கிறேன். வாங்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

பட்டறைக்காரன்:
பழைய ஸ்ப்ராக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். உள் ஸ்ப்லைன் (நடு ஓட்டையில் உள்ள வரிப் பற்கள்) ஒன்றாக இருக்க வேண்டும். செயினின் அளவு எண் 428 என்றால் ஸ்ப்ராக்கெட்டும் 428. 420க்கும் பல் இடைவெளி அதேதான், ஆனால் தடிமன் குறைவு, 428 செயினில் ஆடும். பழைய செயினைப் புதுப் பல்லில் மாட்டாதீர்கள், பல்லைத் தின்றுவிடும்.

செயினைக் கழற்றும் முன்பே வண்டியைக் கியரில் போட்டு, பின் பிரேக்கை மிதித்துக்கொண்டு அந்த இரண்டு போல்ட்டையும் தளர்த்திவிடுங்கள். செயினின் இரு முனையையும் இணைக்கும் கண்ணியில் உள்ள கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் வழியில் கழன்றுவிடும். செயின் நடுவில் மேலும் கீழும் சுமார் 25 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கட்டும். மனைவியும் மூட்டையும் ஏறியதும் செயின் இறுகும், அதனால் முறுக்கிக் கட்டிவிடாதீர்கள். ஸ்விங் ஆர்மில் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) உள்ள ரப்பரில் செயின் உரசுகிறதா என்று ஒரு பார்வை பாருங்கள், சின்னப் பல் போட்டால் செயின் அதற்குக் கிட்டே ஓடும்.