குறுவீச்சா, அரையோட்டமா? பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கிக்குச் சில சொற்கள்

வணக்கம்.

பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியின் பிடியை முழுக்க இழுக்காமலோ தள்ளாமலோ பாதியில் விடுகிற தப்பை ஆங்கிலத்தில் 'ஷார்ட் ஸ்ட்ரோக்' என்கிறார்கள். அதற்குக் கோவை நண்பர் 'குறுவீச்சு' என்று ஒரு சொல் தந்திருக்கிறார். பாளையங்கோட்டை அண்ணாச்சி, எதற்கு இத்தனை சொல், துப்பாக்கி ஓடாத எல்லாக் கோளாறுக்கும் 'நெரிசல்' (ஜாம்) ஒன்றே போதுமே என்கிறார். எனக்கு இரண்டிலும் சம்மதம் இல்லை. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இது காவலர் பயிற்சிக் குறிப்பேட்டுக்குப் போகிற சொல், அதைப் படித்துவிட்டு இருபது இருபத்தோரு வயசுப் பிள்ளைகள் 12 போர் (bore, குழல் அளவு) துப்பாக்கியைக் கையில் வாங்கிக்கொண்டு நிற்கப்போகிறார்கள்.

துப்பாக்கியின் அமைப்பு தெரியாதவர்களுக்காக முதலில் அது. சுடுகுழலுக்குக் கீழே இன்னொரு குழாய் இருக்கும், தோட்டாக்கள் அதில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். முன்கையில் இருக்கும் பிடியைப் பின்னால் இழுத்தால் சுடுகுழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் அறையை அடைத்திருக்கும் பூட்டு திறக்கும், கொக்கி சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை அறையிலிருந்து உருவும், அது பக்கத்து வாய் வழியாக வெளியே தெறிக்கும், இழுப்பின் கடைசிக் கட்டத்தில்தான் அடுத்த தோட்டா குழாயிலிருந்து விடுபட்டுத் தூக்கும் தட்டில் வந்து உட்காரும். முன்னால் தள்ளினால் அறைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். தானியங்கி வகைகளில் இந்த வேலையை வெடித்த மருந்தின் வாயுவோ உதைப்போ செய்கிறது, இதில் ஆளின் கை செய்கிறது. பலம் குறைந்த பயிற்சித் தோட்டா, ரப்பர் குண்டு, எதைப் போட்டாலும் இது ஓடுவது அதனால்தான், போலீசுக்கு இது பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு பெரிய காரணம். ஆனால் கை தடுமாறினால் துப்பாக்கியும் தடுமாறும்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? புதுப் பிள்ளைகள் முதல் வெடியின் உதைப்பில் அரண்டுபோய், பிடியைக் கடைசி வரை இழுக்காமல் முக்கால்வாசியில் திருப்பித் தள்ளிவிடுவார்கள். கூடு வெளியே போயிருக்கும், ஆனால் அடுத்த தோட்டா ஏறியிருக்காது. இன்னும் குறைவாக இழுத்திருந்தால் சுட்ட கூடே திரும்ப அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். விசையை இழுத்தால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்கிறவர் "மிஸ்ஃபயர்", அதாவது தோட்டா வெடிக்கவில்லை, என்பார், பதிவேட்டிலும் மிஸ்ஃபயர் என்றே ஏறும், அந்தப் பெட்டித் தோட்டாவே மோசம் என்று பேச்சு கிளம்பும். பிள்ளை செய்த தப்பு பிள்ளைக்குத் தெரியாமலே போய்விடும். எனக்கு ஆற்றாமையாக இருப்பது இதில்தான். அடுத்த தடவையும் அதையே செய்வான், ஒரு நாள் மைதானத்துக்கு வெளியேயும் செய்வான்.

கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டம் இல்லை. 'டிக்' கேட்டதும் குழல்வாயை இலக்குப் பக்கமே வைத்து முப்பது விநாடி காத்திருக்க வேண்டும், தாமதமாக வெடிக்கிற தோட்டாவும் உண்டு. அப்புறம் திறந்து பார்க்கலாம். முழுத் தோட்டா விழுந்து, அதன் அடியில் இருக்கும் கேப்பில் ஊசி குத்திய பள்ளம் நன்றாக இருந்தால் குற்றம் தோட்டாவுடையது. பள்ளம் லேசாக இருந்தால் ஊசியையோ அதன் சுருளையோ ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுதுபார்க்கிறவர், பார்க்க வேண்டும். சுட்ட கூடு விழுந்தாலோ, எதுவுமே விழாமல் அறை காலியாக இருந்தாலோ பெரும்பாலும் கை செய்த குறைதான், கொக்கியோ தோட்டாவை நிறுத்தும் பல்லோ தேய்ந்திருக்கிறதா என்று மட்டும் பிறகு பார்த்துக்கொண்டால் போதும். இவ்வளவையும் 'நெரிசல்' என்ற ஒரே சொல்லில் அடைத்தால் மருந்து எப்படித் தனித்தனியாகக் கொடுப்பது, அண்ணாச்சி? அதிலும் இந்த இடத்தில் எதுவும் நெரியவே இல்லையே, அறை காலியாக அல்லவா இருக்கிறது!

'குறுவீச்சு' பற்றி. எஞ்சின் பாடத்தில் வீச்சு சரியாக இருக்கலாம். துப்பாக்கி என்று வந்துவிட்டால் வீச்சு என்றால் குண்டு போய்ச் சேரும் தூரம், பத்திரிகை படிக்கிற யாருக்கும் அதுதான் தோன்றும். குறுவீச்சு என்று எழுதினால் கிட்டத்தில் சுடுகிற துப்பாக்கி போலிருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். மதுரை நண்பரின் 'அரையிழுப்பு' எனக்கு மிகவும் பிடித்தது, கேட்டவுடன் கைக்குப் புரிகிறது. ஆனால் தள்ளும்போதும் இதே குறை நேர்கிறது. முழுக்கத் தள்ளாவிட்டால் பூட்டு விழாது, பூட்டு விழாவிட்டால் விசை வேலை செய்யாது, அங்கே 'டிக்' சத்தமும் கேட்காது. இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற மாதிரி 'அரையோட்டம்' என்று வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. தெரு முக்கில் அடிபம்பு அடித்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம், கைப்பிடியைப் பாதியில் விட்டால் தண்ணீர் ஏறாது. அப்படியே ஓடும் பிடிக்கு 'ஓடுபிடி' என்று பெயர் வைத்தால் இரண்டு சொல்லும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். சொல்லிக்கொடுக்கிறவர் மைதானத்தில் கத்தவும் முடியும்: "அரையோட்டம்! முழுசா ஓட்டு!" கத்த வராத சொல் பயிற்சியில் ஒரு வாரம்கூட நிற்காது.

இதிலிருந்து பிரித்து வைக்க வேண்டிய வேறு இரண்டு கோளாறுகள் உண்டு. ஒன்று, சுட்ட கூடு அறையிலேயே பிடித்துக்கொண்டு வராமல் இருப்பது. அறையின் உள்பக்கம் சொரசொரப்பாக இருந்தால், அல்லது அடிப்பாகம் இரும்பாலான விலை குறைந்த தோட்டாக்களைப் போட்டால் இது அடிக்கடி வரும், கொக்கி விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வெறுமனே வந்துவிடும். 'கூடு பிடித்தல்' என்றே சொல்லலாம், புதுச்சொல் தேவையில்லை. இன்னொன்று, குழாயிலிருந்து ஒரு தோட்டா நேரம் கெட்ட நேரத்தில் நழுவிவந்து தூக்கும் தட்டுக்கும் பூட்டுக்கும் அடியில் மாட்டிக்கொள்வது. 1950இல் வந்த ரெமிங்டன் 870இன் பழைய தட்டில் இப்படி மாட்டினால் ஓடுபிடி அசையவே அசையாது, பின்னாளில் தட்டின் நடுவே நாக்கு மாதிரி வெட்டிவிட்டு, மாட்டினாலும் திறக்கிற மாதிரி மாற்றினார்கள். இதற்கு 'அடிச்செருகல்' என்று வைக்கலாமா? அரையோட்டத்துக்கு மருந்து பயிற்சி, கூடு பிடித்தலுக்கு மருந்து அறையைத் துடைத்து மெருகேற்றுவது, அடிச்செருகலுக்கு ஆர்மரரிடம் போக வேண்டும். மூன்றும் மூன்று வழி.

நம் தென்மாவட்டப் பக்கத்துக்கு என்று ஒரு எச்சரிக்கையும் குறிப்பேட்டில் சேர வேண்டும். ஆனி, ஆடியில் அடிக்கிற காற்றுக்குத் தேரிப் பக்கம் செம்மணல் எப்படிப் பறக்கும் என்று திசையன்விளைக்காரர்களைக் கேட்டால் தெரியும். அந்த நாளில் துப்பாக்கிக்கு எண்ணெயைத் தாராளமாக விட்டால் மணலும் எண்ணெயும் சேர்ந்து உள்ளே களிம்பாகிவிடும், ஓடுபிடி கனக்கும், பிள்ளைகள் பாதியில் நிறுத்துவார்கள். துடைத்த மாதிரி மெல்லிசாகப் போட்டால் போதும். மழைக்காலத்தில் வேறு பாடு, பழைய காகிதக் கூட்டுத் தோட்டா ஈரத்தில் உப்பிவிடும். பிளாஸ்டிக் கூட்டையும் மாதக்கணக்கில் குழாய்க்குள் சுருளின் அழுத்தத்தில் வைத்தால் உருக்குலையும்.

இனி குறிபார்ப்பது. இங்கே தமிழே நம்மைக் குழப்புகிறது, துப்பாக்கியில் இருப்பதும் குறி, சுடப்படுவதும் குறி. துப்பாக்கியில் இருப்பதற்கு மட்டும் குறி, சுடப்படுவதற்கு இலக்கு என்று கறாராக வைத்துக்கொள்வோம். இந்தத் துப்பாக்கிகளில் பலவற்றுக்குக் குழல் நுனியில் ஒரு சின்னப் பித்தளை மணிதான் உண்டு, பின்குறி கிடையாது. அதை 'மணிக்குறி' என்கிறேன். பின்குறி இல்லாததால் சுடுகிறவரின் கண்ணே பின்குறி. கன்னம், தோளில் வைக்கும் கட்டையில் பதியாமல் தலை 5 மில்லிமீட்டர் உயர்ந்தால் என்ன ஆகும்? கண்ணுக்கும் மணிக்கும் ஏறத்தாழ 90 செ.மீ. என்று வைத்தால், 30 மீட்டரில் குண்டு சுமார் 17 செ.மீ. மேலே போகும். பல ரவைகள் விரிந்து போகிற ரவைத் தோட்டாவில் இது தெரியாமல் மறைந்துவிடும், ஒற்றைக் குண்டுத் தோட்டாவில் உடனே தெரியும். "துப்பாக்கி மேலே அடிக்குது" என்று புகார் வருவது பெரும்பாலும் இப்படித்தான். கட்டையின் நீளம் வழக்கமாகப் பதினான்கு அங்குலம் இருக்கும், உயரம் குறைந்த பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பெண் காவலர்களுக்கு, அது எட்டாது, எட்டாதபோது தலை தானே தூக்கும். கட்டையைக் குட்டையாக்காமல் அவர்களைத் திட்டுவது நியாயமே இல்லை.

மணிக்குறிக்குப் பதில் பின்னால் பெரிய வளையம் வைத்த குறியும் இருக்கிறது. கண்ணை வளையத்தின் வழியாக முன்குறியில் நிறுத்தினால் வளையம் பார்வையில் மங்கிப்போய்விடும், அதைத்தான் ஆங்கிலத்தில் 'கோஸ்ட் ரிங்' என்று பேயோடு சேர்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். 'பேய்வளையம்' வேண்டாம், 'மங்கல்வளையம்' போதும், எப்படிப் பார்க்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது.

ரவைகள் விரிவதற்குப் 'பரவல்'. பழைய கணக்கு, ஒரு கஜத் தூரத்துக்கு ஒரு அங்குலம் விரியும் என்பது, தோட்டாவையும் குழலையும் பொறுத்துக் கூடும் குறையும். ஒவ்வொரு துப்பாக்கியையும் அதற்குக் கொடுக்கப்போகிற தோட்டாவோடு தாளில் சுட்டுப் பார்த்துப் பரவலை எழுதி வைக்க வேண்டும் என்பதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்வேன். 2016இல் காஷ்மீரில் பலர் கண்ணை இழக்கக் காரணமான பெல்லட் துப்பாக்கி இதே 12 போர் பம்ப் ஆக்‌ஷன்தான். நூற்றுக்கணக்கான சின்ன ரவைகள் விரிந்து போனபின் மணிக்குறியில் என்ன பார்த்தோம் என்பதற்கு அர்த்தம் இல்லை.

பெரிய ரவைக்குப் 'பெருரவை', தனிக் குண்டுக்கு 'ஒற்றைக்குண்டு'. அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிற விவசாயிகள் ரவை, குண்டு என்றுதான் பிரித்துப் பேசுகிறார்கள், பத்திரிகைகளில் வரும் பால்ரஸ் குண்டு நாட்டுத் துப்பாக்கியோடு இருக்கட்டும். '12 போர்' என்பதை மட்டும் மாற்ற வேண்டாம் என்று நினைக்கிறேன். ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை பிடித்தால் ஓர் உருண்டையின் விட்டம் 18.5 மி.மீ., அதுதான் குழல் அளவு என்று ஒரு வரி விளக்கம் கொடுத்தால் யாரும் போரை யுத்தம் என்று படிக்கமாட்டார்கள்.

கோவை நண்பருக்கு ஒரு கேள்வி. உங்கள் ஊர்ப் பம்ப் பட்டறைகளில் பிஸ்டன் முழுதாகப் போய்வராததற்குத் தொழிலாளிகள் வாயில் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதா? இருந்தால் எழுதுங்கள், அரையோட்டத்தை எடுத்துவிட்டு அதையே போட்டுவிடலாம்.