சிவப்பு பாக்டீரியா வளர்கிறது, ஹைட்ரஜன் மட்டும் வரவில்லை

கேள்வி: வெளிச்சத்தில் ஹைட்ரஜன் வாயு விடும் ரோடோஸ்பிரில்லம் ரூப்ரம் என்ற பாக்டீரியாவை வளர்க்கிறேன். குடுவை நல்ல சிவப்பாகிவிட்டது, காற்று புகவில்லை, வெளிச்சமும் போதும், ஆனால் ஒரு குமிழிகூட இல்லை. கார்பன் சத்துக்கு மாலேட்டும், நைட்ரஜன் சத்துக்கு அம்மோனியம் குளோரைடும் போட்டிருக்கிறேன். எங்கே தப்பு?

பதில்: அம்மோனியத்தில்தான். ஹைட்ரஜனை உண்டாக்குவது நைட்ரஜனேஸ் நொதி; நைட்ரஜன் வாயுவை அம்மோனியாவாக மாற்றுவதுதான் அதன் முக்கிய வேலை. அம்மோனியம் தாராளமாகக் கிடைத்தால் செல் அந்த நொதியைத் தயாரிக்காது, இருப்பதையும் முடக்கிவைக்கும். பதிலாகக் குளுட்டமேட் (ஓர் அமினோ அமில உப்பு) கொஞ்சமாகப் போட்டு, மேலே மந்த வாயுவான ஆர்கான் நிரப்புங்கள், நைட்ரஜன் வாயு இருந்தால் எலக்ட்ரான்களில் பெரும்பகுதி அதற்கே போய்விடும். 1949-இல் கெஸ்ட், கேமன் என்ற விஞ்ஞானிகள் வெளிச்சத்தில் ஹைட்ரஜன் வருவதை இதே பாக்டீரியாவில்தான் கண்டார்கள்.

பதில்: இரும்பும் மாலிப்டினமும் இருக்கிறதா பாருங்கள், நொதியின் மையமே அவைதான்.

கேட்டவர்: சரி, மாற்றினேன். இன்று காலை கண்ணாடிச் சுவரெங்கும் பொடிப்பொடியாகக் குமிழிகள்! ரொம்ப நன்றி.