பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டு: மதுரைப் பக்கத்து நண்பர்களின் முதல் அறிமுகங்கள்

நான்கைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஒருவர் ஆட்டத்தை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாம் செய்வதை வாயால் சொல்லியே கதையை நகர்த்துகிறார்கள். அது பலித்ததா என்பதைப் பகடை சொல்கிறது. இந்த விளையாட்டைக் கடையில் பார்த்து வாங்கிப் பழகியவர்கள் நம் ஊரில் மிகக் குறைவு. ஆகவே எந்த வழியாக இதனிடம் வந்து சேர்ந்தீர்கள் என்று ஒவ்வொருவரும் எழுதுங்கள். என்னுடையதிலிருந்து தொடங்குகிறேன்.

திருநகரிலிருந்து

கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன், புதுமண்டபத்தில் பள்ளிப் புத்தகம் வாங்கப் போனபோது, அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. ஸ்டீவ் ஜாக்சனும் இயன் லிவிங்ஸ்டனும் எழுதி 1982இல் வெளிவந்த ‘தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்’ அது. அதில் எண்ணிட்ட 400 பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றின் முடிவிலும், கதவைத் திறந்தால் இந்த எண்ணுக்குப் போ, திரும்பி நடந்தால் அந்த எண்ணுக்குப் போ என்று எழுதியிருக்கும். தொடங்கும்போது பகடை ஒன்றை உருட்டி ஆறைக் கூட்டினால் நம் திறமை. இரண்டை உருட்டிப் பன்னிரண்டைக் கூட்டினால் நம் உடல்வலு. லூடோ பெட்டியிலிருந்த பகடையே இதற்குப் போதுமானதாக இருந்தது.

தனியாக ஆடும் விளையாட்டாகத்தான் அது சில வாரங்கள் இருந்தது. பிறகு தம்பிக்கு நான் வாசித்துக்காட்ட, அவன் முடிவுகளைச் சொல்லத் தொடங்கினான். தூங்கும் காவலனைத் தாண்டிப் போவதா, வெட்டுவதா என்று கேட்டால், “அவனை எழுப்பி வழி கேட்டா என்ன?” என்றான். புத்தகத்தில் அதற்கு எண் கிடையாது. சற்று யோசித்துவிட்டு, அந்தக் காவலன் என்ன சொல்வான் என்பதை நானாகவே சொன்னேன். அன்றிலிருந்து புத்தகம் பெயருக்குத்தான் மடியில் இருந்தது.

நாங்கள் செய்தது ஏற்கெனவே இருக்கும் ஒன்று என்பது கல்லூரி நாட்களில் பிரவுசிங் சென்டரில்தான் தெரிந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் உருவாக்கிய ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இலேயே மூன்று சிறு நூல்களாக ஒரு பெட்டியில் வெளிவந்திருக்கிறது. அதற்கும் முன்பு, 1969இல், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் டேவ் வெஸ்லி என்பவர் நடத்திய ஒரு போர் விளையாட்டில், இரண்டு பேர் தங்களுக்குள் ஒற்றைக்கு ஒற்றை சண்டை போட வேண்டும் என்றார்களாம். விதிகளில் அதற்கு இடமில்லாததால் அவர் அந்த இடத்திலேயே ஒரு வழி செய்து கொடுத்தார். ஆட்டம் குழம்பிப் போனதாக அவர் நினைத்தார். ஆடியவர்களோ இன்னொரு முறை கேட்டார்கள். இந்தச் செய்தியைப் படித்தபோது தம்பி ஞாபகம்தான் வந்தது.

நரிமேட்டிலிருந்து

2016இல் வந்த அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் சிறுவர்கள் ஆடுவதைப் பார்த்ததோடு சரி, அதைத் தொடர ஆளும் கிடைக்கவில்லை, நேரமும் கிடைக்கவில்லை. 2020 ஊரடங்கில் இரண்டும் சேர்ந்து கிடைத்தன. எங்கள் காம்பவுண்டில் சித்தப்பா பிள்ளைகள் உட்பட இளவட்டம் நிறைய உண்டு. ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளை இணையத்திலிருந்து இலவசமாக இறக்கிக்கொண்டோம். ஆனால் பகடைக்கு எங்கே போவது? நான்கு முகத்திலிருந்து இருபது முகம் வரை விதவிதமாகக் கேட்கிறார்கள்; கூரியரோ ஓடவில்லை. இருபது முகத்துக்கு, ஒன்றிலிருந்து இருபது வரை எழுதிய சீட்டுகளை எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினோம். 1979இல் பகடைத் தட்டுப்பாடு வந்தபோது விளையாட்டை வெளியிட்ட நிறுவனமே பெட்டிக்குள் எண் சீட்டுகளை வைத்து விற்றது என்று பிற்பாடு படித்ததில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமை.

நான்கு முகப் பகடை வீட்டிலேயே இருந்தது. அப்பத்தாவின் பித்தளைத் தாயக்கட்டையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகளும் ஒரு வெற்று முகமும் உண்டு. வெற்று முகத்தை நான்கு என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும். அப்பத்தாவுக்குத்தான் சரியாகவில்லை. “தாயம் விழாம காயை எப்படிடா இறக்குன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் ஆட்டத்தில் ஒன்று விழுந்தால் கொண்டாட்டம். இங்கே தாக்கும்போது இருபதில் ஒன்று விழுந்தால் அடி தவறியது நிச்சயம். கடைசியில், பாலம் உடைந்துபோன இடத்தில் நாங்கள் விழித்துக்கொண்டிருந்தபோது, “அக்கரையில ஆடு மேய்க்கிறவன் இருப்பான், கூப்பிட்டுப் பாருங்க” என்றார். நடத்திக்கொண்டிருந்த சித்தப்பா மகன் ஆடு மேய்ப்பவனை உடனே உண்டாக்கிவிட்டான்.

உசிலம்பட்டியிலிருந்து, ஓர் ஆசிரியர்

பெங்களூரில் படிக்கும் என் பழைய மாணவன் விடுமுறைக்கு வந்தபோது ஒரு மாலை முழுவதும் நடத்திக்காட்டினான். அவன் கொண்டுவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆட்டக்காரர் கையேடு 320 பக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் அதை நீட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வின்சென்ட் பேக்கர், மெகுவே பேக்கர் இருவரும் 2010இல் வெளியிட்ட ஒரு விளையாட்டின் முறையை அவன் சொன்னான்: இரண்டு சாதாரணப் பகடை, கூட்டினால் பத்தும் அதற்கு மேலும் என்றால் நினைத்தது நடக்கும், ஏழு முதல் ஒன்பது என்றால் நடக்கும் ஆனால் விலை கொடுக்க வேண்டும், ஆறும் அதற்குக் கீழும் வந்தால் சிக்கல்.

பூதமும் குகையும் வேண்டாம் என்று, அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் கூட்டத்தில் தொலைந்த குழந்தையைத் தேடுவதையே கதையாக்கினேன். ஒரு மாணவி மைக் செட்காரரிடம் பேசி அறிவிப்புச் செய்யச் சொன்னாள், விழுந்தது எட்டு. அறிவிப்பு ஒலித்தது, ஆனால் அதே பெயருள்ள குழந்தையைத் தொலைத்த நான்கு குடும்பங்கள் ஓடி வந்தன. வகுப்பு சிரித்து அடங்க நேரமாயிற்று. மணி அடித்ததும், “யாரு சார் ஜெயிச்சது?” என்று ஒருவன் கேட்டான். “புள்ள கிடைச்சிருச்சுல்ல?” என்றேன். அவன் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை. மறுநாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்தவனும் அவன்தான்.

கே.கே. நகரிலிருந்து

நான் கணினி வழியாக வந்தவள். 2023இல் வெளிவந்த ‘பால்டர்ஸ் கேட் 3’ என்ற கணினி விளையாட்டு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஐந்தாம் பதிப்பு விதிகளின்மேல் கட்டப்பட்டது. எனவே விதிகள் எனக்கு முன்பே அத்துப்படி. கணினியில் எத்தனை வழிகள் இருந்தாலும் அவை முன்கூட்டி எழுதப்பட்டவை. தோழி வீட்டு மேசையில் முதல்முறை உட்கார்ந்தபோது, கோட்டை வாசலில் நின்ற காவலருக்குச் சூடான பருத்திப்பால் வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுக்கிறேன் என்றேன். “இந்த நேரத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?” என்றுதான் கேம் மாஸ்டராக ஆட்டத்தை நடத்திய தோழி கேட்டார், முடியாது என்று சொல்லவில்லை. பகடையும் கைகொடுத்தது. காவலர் குடித்து முடித்துவிட்டு, உள்ளே இருக்கும் இன்னொருவருக்கும் ஒன்று கேட்டார். எங்கள் கையிலோ காசில்லை.

இப்போது எங்கள் குழுவில் ஆடுவதற்கு ஆள் போட்டி போட்டு வருகிறார்கள், நடத்துவதற்குத்தான் யாரும் முன்வருவதில்லை. அந்தத் தோழி சென்னைக்கு மாற்றலாகிப் போனதிலிருந்து ஆட்டம் நின்றிருக்கிறது. அடுத்த மாதத்திலிருந்து நானே நடத்தலாம் என்றிருக்கிறேன். ஞாயிறு மதியம் வர முடிந்தவர்கள் சொல்லுங்கள்.