மறுமொழி: ‘ஆப்சென்டீ வோட்டர்’ – வராதவரா, தொலைவிலிருப்பவரா, புறத்திலிருப்பவரா?

நண்பர்களுக்கு வணக்கம். வாக்குச்சாவடிக்குப் போகாமலேயே வாக்களிக்க விதி இடம் தரும் ‘ஆப்சென்டீ வோட்டர்’ என்பவரை நம் சொற்பட்டியலில் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு என் மறுமொழி இது. இடையிடையே நீங்கள் எழுப்பிய கேள்விகளையும் எடுத்துக் காட்டியிருக்கிறேன்.

> ‘தபால் வாக்கு’ எல்லாருக்கும் தெரிந்த சொல். அதை எதற்கு மாற்ற வேண்டும்?

மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்தும். வாக்கு எண்ணும் நாளில் காலை எட்டு மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டால் முதலில் காதில் விழுவது ‘தபால் வாக்குகள் எண்ணப்படுகின்றன’ என்பதுதான். இலங்கையில் ‘தபால் மூல வாக்களிப்பு’ என்கிறார்கள், அதுவும் தெளிவாகவே இருக்கிறது. தபாலா அஞ்சலா என்ற வழக்கில் நான் இறங்கவில்லை. படிவத்தில் அஞ்சல் இருக்கட்டும், பேச்சில் தபால் இருக்கட்டும். என் கவலை, அந்த ஒரு சொல்லின் தலையில் நாம் ஏற்றி வைத்திருக்கும் சுமையைப் பற்றியது.

என் அப்பாவுக்கு வயது 87. 2024 மக்களவைத் தேர்தலின்போது வாக்குச்சாவடி நிலை அலுவலர் வீட்டுக்கே வந்து தபால் வாக்குக்கான விண்ணப்பமான 12டி படிவத்தைக் கொடுத்து, நிரப்பி வாங்கிக்கொண்டு போனார். ‘தபால் வாக்குக்கு எழுதிக் கொடுத்திருக்கீங்க’ என்று சொன்னதும், அப்பா அன்றிலிருந்து தபால்காரரை எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டார். திருப்பி அனுப்பத் தேவைப்படுமே என்று அஞ்சல்தலைகூட வாங்கிவரச் சொன்னார். கடைசியில் வந்தது தபால் இல்லை. இரண்டு தேர்தல் அலுவலர்கள், ஒரு காவலர், வீடியோ எடுக்க ஒருவர். சாப்பாட்டு மேசைமேல் அட்டை மறைப்பை நிறுத்தினார்கள். அப்பா சீட்டில் குறியிட்டு மடித்துச் சிறிய உறையில் வைத்து ஒட்டினார். உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். இரண்டையும் பெரிய உறையில் வைத்து ஒட்டி, பெட்டியில் போட்டு எடுத்துச் சென்றார்கள். அஞ்சல் துறைக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

எதிர்வீட்டுப் பாட்டிக்கு நடந்ததுதான் இன்னும் மனத்தை உறுத்துகிறது. அவரும் 12டி கொடுத்திருந்தார். ‘தபால் வந்தா வாங்கி வைங்க’ என்று எங்களிடம் சொல்லிவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். குழு வந்தது, பூட்டைப் பார்த்தது. இன்னொரு முறையும் வந்தது, அப்போதும் பூட்டுதான். அதற்குமேல் வரமாட்டார்கள். சரி, வாக்குப்பதிவு நாளில் சாவடிக்குப் போகலாமே என்றால் அதுவும் முடியாது. 12டி ஏற்கப்பட்டதும் வாக்காளர் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே ‘பிபி’ (போஸ்டல் பேலட், அதாவது தபால் வாக்கு) என்று குறித்துவிடுவார்கள், சாவடியில் வாக்கு கிடையாது. அறுபது ஆண்டுகளாக ஒரு தேர்தலையும் விடாத மனுஷி. ‘உங்கள் வீட்டுக்கு ஆள் வருவார்கள், அந்த நாளில் வீட்டில் இருங்கள்’ என்பதை அந்தச் சொல் அவரிடம் சொல்லவில்லை.

விதியைப் பார்த்தால் குழப்பம் எங்கிருந்து வருகிறது என்று புரியும். 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள் அஞ்சல் வாக்கைப் பல வகையினருக்குத் தருகின்றன. படையில் பணியாற்றுவோருக்குச் சீட்டு மின்னணு முறையில் போகிறது, அவர்கள் அதை அச்சிட்டுக் குறியிட்டு அஞ்சலில் அனுப்புகிறார்கள். இங்கே பெயர் பொருந்துகிறது. தேர்தல் பணியாளர்களோ 2023ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு தங்களுக்கென்று அமைக்கப்படும் மையத்தில் நேரில் போய்ப் போடுகிறார்கள். மூத்தோருக்கும் 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் 2019இல் வழி திறந்தது. அப்போது 80 ஆக இருந்த வயது வரம்பு 2024 மார்ச்சில் 85 ஆனது. இவர்கள் தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் 12டி கொடுக்க வேண்டும். இவர்களையும் அத்தியாவசியப் பணிகளில் இருப்போரையும்தான் விதி ‘ஆப்சென்டீ வோட்டர்’ என்கிறது. ஆக, ‘அஞ்சல்’ என்பது சீட்டின் வகையைத்தான் சொல்கிறது, அது போகும் வழியை இல்லை. ஆளுக்குத் தனிப் பெயர் வைத்தால்தான் இந்த முடிச்சு அவிழும்.

> ‘வராத வாக்காளர்’ போதாதா? நேர்ப் பொருள், எளிமை.

போதாது. ‘ஏன் வரவில்லை’ என்று கேட்பதுபோல இருக்கிறது. உடம்பு முடியாமல் முன்கூட்டியே விண்ணப்பித்து, வாக்கும் போட்டுவிட்ட ஒருவரை வராதவர் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அது மட்டுமில்லை. சாவடி அலுவலர் கையில் இன்னொரு பட்டியல் இருக்கும். வீட்டில் இல்லாதவர், இடம்பெயர்ந்தவர், இறந்தவர் என்று மூன்று வகையினர் அதில் இருப்பார்கள். அவர்கள் பெயரில் வேறு யாராவது வந்து போட்டுவிடாமல் பார்க்கத்தான் அந்தப் பட்டியல். அங்கேயும் ‘வராதவர்’, இங்கேயும் ‘வராதவர்’ என்றால் பயிற்சி வகுப்பிலேயே கலங்கிப் போவார்கள்.

‘தொலைவாக்காளர்’ என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். நல்ல சொல்தான். ஆனால் அதற்கு வேறு வேலை காத்திருக்கிறது. வெளி மாநிலங்களுக்குப் பிழைக்கப் போனவர்கள் இருந்த இடத்திலிருந்தே சொந்தத் தொகுதிக்கு வாக்களிக்க ஒரு இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2022 டிசம்பரில் முன்மொழிந்தது. அது நடைமுறைக்கு வரும் நாளில் ‘தொலைவாக்கு’ அதற்குத்தான் வேண்டும். எங்கள் அப்பா தொலைவில் இல்லை, சாவடியிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார்.

என் பரிந்துரை: புறவாக்காளர்.

‘புறநோயாளி’யை நினைத்துப் பாருங்கள். மருத்துவமனையில் படுக்காமல் வைத்தியம் பார்த்துக்கொள்பவர். அவரை யாரும் குறைந்த நோயாளி என்று நினைப்பதில்லை, சொல்லைக் கேட்டு முகம் சுளிப்பதும் இல்லை. அதே போலச் சாவடிக்குப் புறத்தே வாக்களிப்பவர் புறவாக்காளர். வீட்டில் போட்டாலும், அஞ்சலில் அனுப்பினாலும் சொல் தாங்கும். உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் வேறு சட்டப்படி, வேறு படிவங்களோடு நடத்துகிறது. அங்கேயும் படிவ எண்ணைச் சாராமல் நிற்கும்.

ஒரு தடை உண்டு, மறைக்கவில்லை. ‘புற’ என்றதும் ‘தேர்தல் புறக்கணிப்பு’ நினைவுக்கு வரலாம். அதைவிட, ‘வாக்கு’ என்றால் பேச்சு என்றும் பொருள் இருப்பதால் ‘புறவாக்கு’ என்று தனியே சொன்னால் புறங்கூறுவதுபோல ஒலிக்கிறது. அதனால் ஆளுக்கு மட்டும் ‘புறவாக்காளர்’. அவர் போடுவது அஞ்சல் வாக்கே. வீட்டில் நடப்பதை ‘வீட்டு வாக்களிப்பு’ என்று வெளிப்படையாகச் சொல்லிவிடலாம். பாட்டிக்குத் தேவைப்பட்டது அந்தச் சொல்தான்.

அப்புறம், அப்பா கையெழுத்துப் போட்ட அந்த ‘டிக்ளரேஷன்’. ‘வாக்குமூலம்’ என்ற பரிந்துரையை விட்டுவிடுங்கள், அதைக் கேட்டால் காவல் நிலையம்தான் கண்ணில் வரும். ‘உறுதிமொழிப் படிவம்’ புழக்கத்தில் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் உறைகளுக்குப் பெயர் வைப்பதில் கவனம் வேண்டும். எண்ணும்போது முதலில் வெளியுறையைத் திறந்து உறுதிமொழிப் படிவத்தைத் தேடுவார்கள். அது இல்லையென்றாலோ கையெழுத்து சரியில்லையென்றாலோ சீட்டு இருக்கும் உறையைத் திறக்கவே மாட்டார்கள், அப்படியே தள்ளுபடி. ‘உறை அ’, ‘உறை ஆ’ என்பதைவிடச் ‘சீட்டுறை’, ‘அனுப்புறை’ என்றால் எதை எதில் வைப்பது என்று பெயரே சொல்லிவிடும். படிவம் சீட்டுறைக்குள் போகக் கூடாது என்பதும் தானாக விளங்கும்.

சொற்பட்டியலுக்கு இப்படி எழுதியிருக்கிறேன், திருத்துங்கள்:

புறவாக்காளர்: வாக்குச்சாவடிக்கு வெளியே வாக்களிக்க உரிய காலத்தில் விண்ணப்பித்து ஏற்பு பெற்றவர். எ.கா: “புறவாக்காளர் வீட்டுக்கு வாக்குப்பதிவுக் குழு வரும் நாளும் நேரமும் அவருக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்படும்.”