தமிழும் பாரசீகமும் ஒரே வரியில்: டெர்மினலில் விம் எழுத்துகளைப் புரட்டிப் போடுகிறது

அரசலாறு (திருவாரூர் மாவட்டம்):

வணக்கம். கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்ற என் தந்தையார், மிராசு, ஜமாபந்தி, பசலி, தாசில்தார் என்று வருவாய்த் துறையில் அன்றாடம் புழங்கும் சொற்களைப் பாரசீக எழுத்து வடிவத்தோடு தொகுத்து வருகிறார். அதைக் கணினியில் ஏற்றும் வேலை என்னுடையது. ஒவ்வொரு வரியிலும் முதலில் தமிழ்ச் சொல், ஒரு டேப், அதன்பின் பாரசீகச் சொல் என்று உபுண்டுவின் கட்டளைச் சன்னலான க்னோம் டெர்மினலில், விம் என்ற உரை திருத்தி கொண்டு தட்டுகிறேன்.

கர்சர் பாரசீகச் சொல்லுக்குள் நுழைந்தாலே எதிர்த்திசையில் ஓடுவதைப் பார்த்து, பழைய குறிப்பு ஒன்றின்படி 'செட் ரைட்லெஃப்ட்' கொடுத்தேன். நிலைமை இன்னும் மோசமாகிவிட்டது. தமிழ் வலக்கோடிக்குப் போய் 'ர்தால்சிதா' என்று நிற்கிறது. பாரசீகத்தில் வலப்புறம் இருக்க வேண்டிய முதல் எழுத்தான 'தே' இடப்புறம் வந்துவிட்டது. அந்தக் குறிப்பில் இருந்த 'எஃப்கேமேப்' என்ற அமைப்பாலும் பலனில்லை. இருநூறு சொற்களுக்கு மேல் ஏற்றிவிட்டேன், கோப்பே கெட்டுவிட்டதா?

(இங்கே தமிழ் எழுத்து மட்டுமே வைத்துக்கொள்கிறோம் என்பதால் கட்டளைகளை உச்சரிப்பின்படி எழுதுகிறேன்.)

வெட்டாறு (நாகூர்):

கோப்பு கெட்டிருக்காது. விம்மை மூடிவிட்டு, டெர்மினலில் 'கேட்' கட்டளையால் அதே கோப்பைக் காட்டச் செய்து, எப்படித் தெரிகிறது என்று சொல்லுங்கள்.

அரசலாறு:

அதில் எல்லாம் சரியாகத் தெரிகிறது! தமிழ் இடப்பக்கம், பாரசீகம் கூட்டெழுத்தாகச் சேர்ந்து வலமிருந்து இடமாக.

குடமுருட்டி (பாபநாசம் வட்டம்):

அப்படியானால் காரணம் தெளிவு. ஒரே வேலையை இரண்டு பேர் செய்கிறார்கள். கோப்பில் எழுத்துகள் எப்போதும் நாம் தட்டிய வரிசையிலேயே இருக்கும். வலமிருந்து இடமாகத் திருப்புவது திரையில் காட்டும்போது மட்டுமே நடக்கிறது. க்னோம் டெர்மினலுக்கு அடியில் இயங்கும் விடிஇ நூலகம், 2019-இல் வந்த 0.58 பதிப்பிலிருந்து இதைத் தானே செய்கிறது. நீங்கள் 'ரைட்லெஃப்ட்' கொடுத்ததும் விம் ஒரு முறை திருப்பி அனுப்புகிறது, டெர்மினல் அதை மறுபடியும் திருப்புகிறது. இரண்டு திருப்பலும் சேர்ந்து பழைய இடத்துக்கே கொண்டுவந்து விடுகின்றன. தவிர, 'ரைட்லெஃப்ட்' என்பது மொழி பார்த்துத் திருப்புவதன்று. சன்னல் முழுவதையும் கண்ணாடியில் பார்ப்பதுபோல் மாற்றிவிடும் என்பதால் தமிழும் சேர்ந்து மாட்டிக்கொள்கிறது. எக்ஸ்டெர்ம், அலாகிரிட்டி போன்று தாமாகத் திருப்பாத டெர்மினல்களில், முழுக்கப் பாரசீகமாக உள்ள கோப்புக்குத்தான் அது பயன்படும்.

ஆகவே 'செட் நோரைட்லெஃப்ட்', பிறகு 'செட் டெர்ம்பைடை' என்று கொடுங்கள். இரண்டாவது கட்டளை, திருப்புவதையும் எழுத்துகளைச் சேர்ப்பதையும் டெர்மினல் பார்த்துக்கொள்ளும் என்று விம்முக்குச் சொல்வது. கர்சர் எதிர்த்திசையில் போவது அப்போதும் இருக்கும். அது கோளாறு அன்று, கோப்பின் வரிசைப்படி கர்சர் முன்னேறுகிறது என்பதே பொருள். சன்னலை மட்டும் நெடுக்காகப் பிரிக்காதீர்கள், இரண்டு பக்க வரிகளையும் ஒரே வரியாக எண்ணி டெர்மினல் கலைத்துவிடும்.

'எஃப்கேமேப்' உள்ளிட்ட பழைய ஃபார்சி (பாரசீக) வசதி முழுவதையும் 2019-இலேயே விம்மிலிருந்து நீக்கிவிட்டார்கள். இப்போது 'செட் கீமேப்=பெர்ஷியன்' போதும். செருகு நிலையில், அதாவது எழுத்துகளைத் தட்டும் நிலையில், கண்ட்ரோலும் 6-உம் அழுத்தினால் அந்தக் கீமேப்பிலிருந்து (விசைகளுக்கான எழுத்து அமைப்பிலிருந்து) உங்கள் வழக்கமான விசைப்பலகைக்கு மாறிக்கொள்ளலாம்.

வெட்டாறு:

ஒன்றைச் சேர்க்கிறேன். 'செட் அராபிக்' கொடுக்காதீர்கள். அது அரபுக் கீமேப்பைக் கொண்டுவந்துவிடும். சிறுவயதில் மதரசாவில் அரபு எழுத்துப் படித்தவன் என்பதால் நானே இதில் ஏமாந்திருக்கிறேன். அரபு 'யே'யும் பாரசீக 'யே'யும் யூனிகோடில் வெவ்வேறு எழுத்துகள். ஜமாபந்தியின் கடைசியில் தனித்து நிற்கும்போது, அரபு வடிவத்துக்குக் கீழே இரண்டு புள்ளிகள் உண்டு, பாரசீகத்துக்கு இல்லை. தாசில்தாரின் நடுவிலோ இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் தேடினால் அகப்படாது. 'காஃப்' எழுத்துக்கும் இதே சிக்கல் உண்டு.

அரசலாறு:

இருவருக்கும் நன்றி. தாசில்தார், மிராசு, பசலி எல்லாம் நேராகிவிட்டன. தேடிப் பார்த்ததில் பதினொரு இடங்களில் அரபு 'யே' இருந்தது, மாற்றிவிட்டேன். ஜமாபந்தி மட்டும் அடங்கவில்லை. சொல்லின் நடுவே கோண அடைப்புக்குள் '200சி' என்று ஏதோ தெரிகிறது. சொல்லும் இரண்டாக உடைந்து பாதிகள் இடம் மாறிக் கிடக்கின்றன. 'கேட்' கட்டளையில் இந்தத் தொல்லை இல்லை.

குடமுருட்டி:

அது அகலமற்ற பிரிப்பான், கண்ணுக்குத் தெரியாத எழுத்து. 'ஜம்' என்பதன் கடைசி எழுத்தான 'ஐன்', 'பந்தி'யின் 'பே'யோடு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவே அதை இடுகிறார்கள். விம் அதை அச்சிட முடியாத எழுத்தாகக் கருதி, அதன் எண்ணை அடைப்போடு ஆறு கட்டங்களில் எழுதிக் காட்டுகிறது. டெர்மினலுக்கோ அது உண்மையான எண்ணும் ரோமன் எழுத்துமாகவே தெரிவதால், அங்கே திசை மாறிச் சொல் உடைகிறது. விம்மின் 'கன்சீல்' வசதியால் மறைக்கலாம்; அப்போது திரையில் 'ஐன்' ஒட்டிக்கொண்டு தெரியும், கோப்பில் பிரிப்பான் அப்படியே இருக்கும். அழித்துவிடாதீர்கள்.

அந்தச் சில சொற்களைச் சரிபார்க்க மட்டும் ஈமாக்ஸ் என்ற இன்னொரு உரை திருத்தியைத் தனிச் சன்னலில் திறப்பது மேல் என்பது என் கருத்து. 2012-இல் வந்த 24-ஆம் பதிப்பிலிருந்து இருதிசை எழுத்தை அது முறையாகவே கையாள்கிறது. ஆனால் டெர்மினலுக்குள் திறந்தால், ஈமாக்ஸும் திருப்பும், டெர்மினலும் திருப்பும். மறுபடி முதல் சிக்கலுக்கே வந்து நிற்பீர்கள்.

அரசலாறு:

தனிச் சன்னலில் திறந்தேன். 'ஐன்' தன் வாலோடு தனியாக நிற்கிறது. தந்தையார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அடுத்த தாளை எடுத்துக் கொடுத்துவிட்டார்.