ரோபோ புல்வெட்டி போகும் வழியெல்லாம் புல் அழிகிறது, உதவுங்கள்

நெக்கார்க்கரை: வணக்கம். ஸ்டுட்கார்ட் அருகே வசிக்கிறேன். ரோபோ புல்வெட்டி ஒரே வழியில் போய்வருவதால் புல்வெளியில் தடம் விழுந்துவிட்டது. அங்கே மண் சாணம் மெழுகிய தரையைப் போல இறுகி வழவழப்பாகக் கிடக்கிறது. இரண்டு முறை விதை தூவியும் முளைக்கவில்லை. அவசரமாக வழி சொல்லுங்கள்.

மண்வாசம்: மண்ணில் பதித்த கம்பியை வைத்து வழியறியும் கருவியா, செயற்கைக்கோள் வழி இயங்குவதா? தடம் ஓரத்திலா, சார்ஜ் நிலையத்தின் முன்பா? நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது?

பசுந்தரை: எவ்வளவு பெரிய புல்வெளி என்பதையும் சொல்லுங்கள்.

மூத்த தோட்டக்காரன்: கையேட்டைப் படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது, தம்பி. வழிகாட்டிக் கம்பியைப் பிடித்து நிலையத்துக்குத் திரும்பும் கருவி, ஒவ்வொரு முறையும் கம்பியிலிருந்து வெவ்வேறு தூரம் விலகி வருவதற்கென்றே பல மாடல்களில் பாதை அகல அமைப்பு இருக்கிறது. அதைக் குறைத்து வைத்தால் சக்கரங்கள் ஒரே கோட்டில்தான் உருளும்.

களிமண்காரி: அகலத்தை விட ஈரமே முதல் காரணம் என்பது என் அனுபவம். மழை விட்டதும் ஓடவிட்டால், சக்கரப் பற்கள் களிமண்ணைப் பிசைந்து, காற்றும் நீரும் இறங்காதபடி அடைத்துவிடுகின்றன. மண் காயும்வரை நிறுத்திவையுங்கள். வளர்ச்சி குறைந்த வாரங்களில் ஓடும் நேரத்தையும் பாதியாக்குங்கள். விதைக்கும் முன் தோட்ட முட்கரண்டியால் பத்து செ.மீ. ஆழத்துக்குக் குத்தி, மணல் பரப்பி, மிதியைத் தாங்கும் ரை புல்லை விதையுங்கள்.

பசுந்தரை: கம்பியில்லாக் கருவிக்கு மாறினால் இந்தத் தொல்லையே இராது, வெட்டும் கோணத்தை ஒவ்வொரு நாளும் மாற்றிக்கொள்ளும்.

மூத்த தோட்டக்காரன்: தவறான ஆலோசனை. நிலையத்திலிருந்து புறப்படும் வழி ஒன்றாகவே இருந்தால் அங்கும் தடம் விழும். கோணம் மாறுவது வெட்டும் இடத்தில்தான்.

பசுந்தரை: பல மாடல்களில் அந்த வழியையும் அகலப்படுத்த முடியும், ஐயா. என் வீட்டில் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

மண்வாசம்: கருவியை மாற்றுவதைப் பிறகு பேசலாம். கேட்டவர் இன்னும் விவரமே தரவில்லை.

நெக்கார்க்கரை: மன்னிக்கவும், கம்பி பதித்த கருவிதான். அகலம் மிகக் குறைவாக இருந்தது, கூட்டிவிட்டேன்; புல்வெளியில் தடம் மங்குகிறது. வீட்டுச் சுவருக்கும் வேலிக்கும் நடுவிலுள்ள சந்தில் மட்டும் மாற்றமில்லை. அனைவருக்கும் நன்றி.

களிமண்காரி: சந்தில் விலகிச் செல்ல இடமிருக்காது. அங்கே தேனடை வடிவப் பிளாஸ்டிக் தட்டிகளை மண்மட்டத்துக்குப் பதித்து, கட்டங்களில் மண் நிரப்பி விதைத்தால், எடையைத் தட்டி தாங்கும், வேர் பிழைக்கும். சந்தின் அகலம் எவ்வளவு?