மாங்காப் பால் பட்ட கறை காருல இருந்து போகமாட்டேங்குது, என்ன பண்ணலாம்?

முதலமடை மருமகன்:
எல்லாருக்கும் வணக்கம்ங்க. போன ஞாயித்துக்கெழம முதலமடைல மாமனார் தோப்புக்குப் போயிருந்தேன், மாங்கா பறிப்பு நடந்துட்டிருந்துச்சு. வெயிலா இருக்குதேன்னு வண்டிய மரத்தடில நிறுத்தினேன், மேல ஆளுங்க தொரட்டு போட்டுப் பறிக்கறப்ப காம்பு ஒடிஞ்சு பால் பீச்சி பானெட், டாப்பு எல்லாம் சொட்டியிருக்குது, நான் கவனிக்கல. சாயங்காலம் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்ல நிறுத்தினப்ப தான் பாத்தேன். மறுநா காலைல பழுப்பா, தேன் காஞ்சு ஒட்டின மாதிரி புள்ளி புள்ளியா நிக்குது. ஷாம்பு போட்டு ரெண்டு தடவ கழுவிட்டேன், கொஞ்சம் போச்சு, மீதி அப்படியே. மச்சான் தின்னர்ல ஒரு துடை துடைச்சா போயிரும்ங்கறாரு, எனக்குக் கை வரமாட்டேங்குது. வெள்ளக் கலரு, வாங்கி எட்டு மாசம் தான் ஆச்சு. பாக்கறப்பல்லாம் மனசு கஷ்டமா இருக்குதுங்க.

கொழிஞ்சாம்பாறை:
தின்னர் வேண்டவே வேண்டாம் தம்பி. என் பழைய வண்டில பின்னாடி பம்பர் வெளிய பெயிண்ட் அடிச்சது, அதுல பலாப் பால் ஒட்டிருச்சுன்னு தின்னர் வச்சேன், துணிலயே கலர் வந்துருச்சு. கம்பெனி பெயிண்ட் சூட்டுல வாட்டினது, கொஞ்சம் தாங்கும், ஆனா மினுமினுப்பு போயிரும். ஹெட்லைட் மேல பட்டா பிளாஸ்டிக் வெடிச்ச மாதிரி ஆயிரும்.

பொள்ளாச்சி பாலிஷ்:
பத்து வருசமா இதே வேல தாங்க. மொதல்ல ஒண்ணு பாருங்க. கைல மெல்லிசு பாலித்தீன் கவர மாட்டிக்கிட்டு அந்தப் புள்ளி மேல லேசாத் தடவுங்க. மேடா தட்டுப்பட்டா பால் மேல தான் ஒட்டியிருக்குது, எடுத்துரலாம். கை வழுக்கிட்டுப் போகுது ஆனா கறை மட்டும் தெரியுதுன்னா கிளியர் கோட்ட, அதாவது கலருக்கு மேல அடிக்கற கண்ணாடி மாதிரிப் பூச்ச, அரிச்சிருச்சு, துணில தேய்ச்சுப் பிரயோசனம் இல்ல.

மேடா இருந்தா, வண்டிய நெழல்ல நிறுத்தி பானெட் ஆறினப்பறம், கை பொறுக்கற சுடுதண்ணில துண்ட நனச்சு அஞ்சு நிமிசம் போட்டு வைங்க. இளகினதும் மெடிக்கல்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட் கேட்டு வாங்கி மைக்ரோபைபர் துணில நனச்சு புள்ளி மேல அரை நிமிசம் வச்சு எடுங்க, அழுத்தித் தேய்க்காதீங்க, துணிய மடிச்சு மடிச்சு புதுப் பக்கத்துல துடைங்க. மொதல்ல கதவுக்கு உள்பக்கம் மூலைல துடைச்சுப் பாத்துட்டு அப்பறம் பானெட்டுக்கு வாங்க. முடிஞ்சதும் கழுவி வேக்ஸ் போட்டுருங்க, ஸ்பிரிட் பட்ட எடத்துல பழைய வேக்ஸ் நிக்காது.

பிளேடு வச்சுச் சொரண்டறது கண்ணாடிக்கு மட்டும் தான், அதும் தண்ணி ஊத்திட்டு. கிளியர் கோட் 40, 50 மைக்ரான் தான் இருக்கும், தலமுடிய விட மெல்லிசு.

மீனாட்சிபுரம் விவசாயி:
மாம்பூ நேரத்துல நிறுத்துனவங்களும் இதப் படிப்பாங்கன்னு சொல்றேன். அப்ப கார் மேல பிசுபிசுன்னு சின்னச் சின்னத் துளியா விழறது மரத்துப் பால் இல்ல, தத்துப்பூச்சி கழிக்கற இனிப்புத் தண்ணி. அதுல தான் எலையெல்லாம் கரும்பூசணம் புடிக்கும். வெரல நனச்சுத் தொட்டா கரையும், அன்னைக்கே வெதுவெதுப்பான தண்ணி ஊத்துனா போதும். காம்புப் பால் வேறங்க, எண்ணெப் பசையும் புளிப்பும் சேந்தது, பச்சத் தோல்ல பட்டாலே தோல் கருகும், உதடு வெந்துரும். அதனால தான் நாங்க காம்போட பறிச்சு அப்பறம் ஒடிச்சுக் கவுத்து வைக்கறோம். பலாப் பாலா இருந்தா தேங்காயெண்ணெ தடவுங்க, சுளை எடுக்கறப்ப கத்திக்குத் தடவறதே தான்.

முதலமடை மருமகன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கவர் மாட்டித் தடவிப் பாத்தேன், டாப்புல இருந்தது பூரா மேடு, பொள்ளாச்சி அண்ணன் சொன்ன மாதிரி செஞ்சேன், மூணாவது தடவ ஸ்பிரிட் வச்சதும் பழுப்பாத் துணில வந்துருச்சு. பானெட்ல ரெண்டு எடம் மட்டும் வழுவழுன்னு இருக்குது, ஆனா கறை தெரியுது.

பொள்ளாச்சி பாலிஷ்:
அந்த ரெண்டும் அரிச்சது தான். கையாலயே பைன் காம்பவுண்ட் (மேல்பூச்ச லேசாத் தேய்ச்செடுக்கற நைஸ் பாலிஷ் பசை) போட்டு அந்த எடத்த மட்டும் மெதுவா எடுக்கலாம், பானெட் பூரா மெஷின் ஓட்டச் சொன்னா ஒத்துக்காதீங்க, எட்டு மாச வண்டிக்கு அவ்வளவு கிளியர் கோட்ட எடுக்க வேண்டியதில்ல.